குட்டி யானை எவ்வளவு சுமக்கும்?

மண்ணூர்பேட்டை சிக்னலில் சாயங்காலம் ஐந்து நிமிடம் நின்றால் போதும். சி.டி.எச். சாலையில் பாடி பக்கமிருந்தும் அம்பத்தூர் பக்கமிருந்தும் சின்ன லோடு வண்டிகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். பக்கத்திலேயே தொழிற்பேட்டை இருப்பதால், ஒன்றில் தெர்மோகோல் மூட்டைகள் தார்ப்பாய்க்கு மேலே மலைபோல எழும்பி நிற்கும். அடுத்த வண்டியில் பின்தட்டு காலியாக இருப்பதுபோலத் தெரியும். உற்றுப் பார்த்தால் தரையோடு தரையாக சில இரும்புத் தகடுகள் படுத்திருக்கும்.

இந்த இரண்டில் எது ஓவர்லோடு என்று யாரைக் கேட்டாலும் முதல் வண்டியைத்தான் கை காட்டுவார்கள். பெரும்பாலும் அது தப்பு. தெர்மோகோல் வண்டிக்கு உயரம்தான் பிரச்சினை, எடை கிடையாது. எடை தாண்டியிருப்பது அந்த இரண்டாவது வண்டியாக இருக்கலாம்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். எட்டுக்கு நாலு அடி தகடு, 10 மில்லிமீட்டர் கனம். இரும்பு ஒரு கன மீட்டருக்கு 7,850 கிலோ எடை இருக்கும். அப்படியானால் ஒரே ஒரு தகடு ஏறக்குறைய 234 கிலோ. ஐந்து தகடு அடுக்கினால் 1,170 கிலோ. அடுக்கின் உயரமோ வெறும் ஐந்து சென்டிமீட்டர், ஒரு தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த அளவு. ஒன்றேகால் டன் சுமக்கும் வண்டி என்றால் ஓட்டுநரும் உதவிக்கு ஒருவரும் ஏறி உட்கார்ந்ததுமே கணக்கு 1,300 கிலோவைத் தொட்டுவிடும். சிக்னலில் பக்கத்தில் நிற்கும் பைக்காரருக்கு அது காலி வண்டியாகத்தான் தெரியும்.

கண் எடையைப் பார்ப்பதில்லை, இடத்தைத்தான் பார்க்கிறது. 'இன்னும் இடம் இருக்கே, ஏத்துங்க' என்கிற பேச்சு அங்கிருந்துதான் பிறக்கிறது.

ஆர்.சி.யில் இருக்கும் இரண்டு எண்கள்

ஒரு லோடு வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்பதற்கான விடை அதன் ஆர்.சி.யிலேயே இருக்கிறது. அட்டையாக இருந்தாலும் டிஜிலாக்கரில் இருந்தாலும் இரண்டு எண்களைத் தேட வேண்டும். ஒன்று, சரக்கில்லாத எடை. இன்னொன்று, சரக்கோடு சேர்த்த மொத்த எடை. மெக்கானிக் கடையிலும் டீலர் ஷோரூமிலும் இந்த இரண்டாவதை 'ஜி.வி.டபிள்யூ.' என்பார்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் கிடைப்பதுதான் வண்டி சுமக்க அனுமதிக்கப்பட்ட எடை, அதாவது பேலோடு.

இதில் பலரும் கவனிக்காத ஓர் இடம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 'சரக்கில்லாத எடை' என்று சொல்லும்போது ஓட்டுநரையும் உதவியாளரையும் அதில் சேர்க்கவில்லை. எனவே அவர்கள் இருவரின் எடையும் பேலோடு கணக்கில்தான் போகும். 750 கிலோ வண்டியில் எழுபது கிலோ ஓட்டுநரும் அறுபது கிலோ உதவியாளரும் உட்கார்ந்தால், சரக்குக்கு மிஞ்சுவது 620 கிலோதான்.

அதோடு முடியவில்லை. வாங்கிய பிறகு பாடி கட்டுவார்கள். பக்கவாட்டில் இரும்புக் கம்பிக் கூண்டு, மேலே தார்ப்பாய் போட வளைவுக் கம்பி, கேபினுக்கு மேல் கேரியர், கூடுதல் ஸ்டெப்னி, ஒரு கருவிப் பெட்டி. ஒவ்வொன்றும் இருபது முப்பது கிலோ. நூறு கிலோவுக்குக் கூண்டு கட்டினால், ஒவ்வொரு நடையிலும் நூறு கிலோ சரக்கை இழந்ததாகத்தான் அர்த்தம்.

'பின்னாடி ரெண்டு பட்டை எக்ஸ்ட்ரா போட்டுட்டேன் சார், இப்ப எவ்வளவு வேணா தாங்கும்' என்று சில ஓட்டுநர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. ஸ்பிரிங்கில் பட்டை கூட்டினால் பின்பக்கம் தாழாமல் நிமிர்ந்து நிற்கும், அது உண்மை. ஆனால் அச்சு, டயர், பிரேக், ஸ்டீயரிங், சட்டகம் எல்லாம் பழையவையே. ஆர்.சி.யில் இருக்கும் எண்ணும் மாறாது. போதாக்குறைக்கு வண்டி தாழ்வது ஓர் எச்சரிக்கை. பட்டை கூட்டியதால் அந்த எச்சரிக்கைதான் போய்விட்டது.

பெயர் வைத்தது நாம், எடை வைத்தது கம்பெனி

டாடா ஏஸ் 2005 மே மாதம் சந்தைக்கு வந்தது. இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், சுமார் 16 குதிரைத்திறன், முக்கால் டன் சரக்கு. அதுவரை மூன்று சக்கர லோடு ஆட்டோவுக்கும் பெரிய லாரிக்கும் நடுவே ஒரு பெரிய இடைவெளி இருந்தது. சந்துக்குள் நுழைய வேண்டும், நான்கு சக்கரமும் வேண்டும் என்று காத்திருந்தவர்களுக்கு இது கைமேல் கிடைத்தது. வடக்கே 'சோட்டா ஹாத்தி', நம்மூரில் 'குட்டி யானை'. 20 லட்சத்துக்கும் மேல் விற்றாகிவிட்டது. 2025-இல் வந்த ஏஸ் புரோவும் அதே 750 கிலோதான். இருபது வருடத்தில் இன்ஜின் மாறியது, முகப்பு மாறியது, அந்த முக்கால் டன் மாறவில்லை.

பெயரில் யானை இருப்பதால் யானை பலம் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோமோ என்னவோ.

அதற்கு அடுத்த படியில் இருப்பது அசோக் லேலண்ட் தோஸ்த். 2011-இல் ஓசூரிலிருந்து வந்தது, ஒன்றேகால் டன் வகுப்பு. மஹிந்திரா பொலிரோ பிக்கப்பில் 1.3, 1.7 என்று மாடல் பெயரிலேயே டன் கணக்கு ஒட்டியிருக்கும். ஆனாலும் நம்ப வேண்டியது பெயரையோ விளம்பரத்தையோ அல்ல. ஒரே மாடலில் டீசல், சி.என்.ஜி., மின்சாரம் என்று வகை மாறும்போது சரக்கில்லாத எடையும் மாறும். சி.என்.ஜி. சிலிண்டரும் பேட்டரியும் சும்மா இருப்பதில்லை, அவையும் எடைதான். அந்தக் குறிப்பிட்ட வண்டியின் ஆர்.சி. என்ன சொல்கிறது என்பதே கணக்கு.

குட்டி யானையின் பின்தட்டை முழுதாக நிரப்பினால் என்ன ஆகும் என்று சில சரக்குகளை வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று, கேனோடு சேர்த்து ஏறக்குறைய 21 கிலோ. தட்டில் நெருக்கி அடுக்கினால் ஓர் அடுக்குக்கு நாற்பது கேன் வரை பிடிக்கும். அந்த முதல் அடுக்கே 840 கிலோ. இரண்டாவது அடுக்கு போட்டால் ஒன்றரை டன்னைத் தாண்டிவிடும். சிமென்ட் என்றால் 50 கிலோ மூட்டை பதினைந்தோடு 750 முடிந்தது, ஆட்களுக்கு இடம் விட்டால் பன்னிரண்டோடு நிறுத்த வேண்டும். எம்-சாண்ட் ஒரு கன அடி ஏறக்குறைய 45 கிலோ வரும். சுற்றுப் பலகை ஓர் அடி உயரம் இருக்கும் தட்டில், பாதி நிரப்பும்போதே முக்கால் டன் ஆகிவிடும். வீடு கட்டுகிறவர்கள் 'ஒரு யூனிட்' என்று கேட்பது 100 கன அடி, அதாவது நாலரை டன். அது குட்டி யானை ஆறு நடை அடித்தாலும் அடங்காது.

'ஏத்திப் பார்ப்போம்க்கா'

சிமென்ட்டும் இரும்பும் தொழில் செய்கிறவர்கள் பாடு என்று குடும்பத்துக்காரர்கள் தள்ளிவிட முடியாது. எல்லோரும் எப்போதாவது மாட்டும் இடம் ஒன்று இருக்கிறது. வீடு மாற்றுவது.

மண்ணூர்பேட்டையிலிருந்து ஆவடிக்கோ பூந்தமல்லிக்கோ ஒரு குடும்பம் குடிபோகிறது என்று வைத்துக்கொள்வோம். பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

'அண்ணே, ஒரே நடையில முடிச்சுடலாமா? ரெண்டு நடைன்னா வாடகை கட்டாது.'

'சாமான் எவ்வளவுக்கா இருக்கும்?'

'ரெண்டு பெட்ரூம் வீடுதான்ணே. பெருசா ஒண்ணும் இல்ல.'

'ஏத்திப் பார்ப்போம்க்கா.'

அந்த 'பெருசா ஒண்ணும் இல்ல'யை எடை போட்டுப் பார்க்கலாம். இரும்பு பீரோ இரண்டு, 160 கிலோ. ஃப்ரிட்ஜ் 60. முன்கதவு வாஷிங் மெஷின் 65, அதன் உள்ளே கான்கிரீட் கட்டி இருப்பதால் அவ்வளவு கனம். கட்டில் இரண்டும் மெத்தையும் சேர்த்து 150. சோபா 80. சாப்பாட்டு மேஜையும் நாற்காலிகளும் 50. நிரம்பிய கேஸ் சிலிண்டர் இரண்டு, 60. பாத்திரம், துணி, பிள்ளைகளின் புத்தகம் என்று அட்டைப் பெட்டி இருபது, பெட்டிக்குச் சராசரி 15 கிலோ வைத்தாலும் 300. கூட்டினால் 925 கிலோ. கிரைண்டர், தையல் மெஷின், செடித் தொட்டி, அம்மி, கடைசி நிமிடத்தில் மாடியிலிருந்து இறங்கும் பழைய சைக்கிள் எதுவும் இதில் இல்லை. ஓட்டுநரும் இல்லை.

இந்தக் கணக்கு வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான் முக்கால் டன் வண்டியில் ஒரே நடையில் அடங்குவது அபூர்வம். ஒன்றரை டன் வகுப்பு வண்டி ஒன்று பிடிப்பதா, குட்டி யானையை இரண்டு நடை விடுவதா என்பதை முதல் நாளே பேசி முடித்துக்கொள்வது நல்லது. பெரிய வண்டிக்கு வாடகை கொஞ்சம் கூடும். இரண்டு நடை டீசலோடும் ஆள் கூலியோடும் ஒப்பிட்டால் பல நேரம் அதுவே மலிவாக முடியும்.

சாமானை ஏற்றியானதும் அடுத்து நடப்பதுதான் பெரிய பயம். பீரோவைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர், மெத்தை மேல் பையன்கள் மூன்று பேர் பின்னால் ஏறிக்கொள்வார்கள். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் இதே வண்டியில் இருபது பேர் நின்றுகொண்டு போவதும் நடக்கிறது. ஆளுக்குச் சராசரி 55 கிலோ என்றால் இருபது பேர் 1,100 கிலோ. எடையும் தாண்டிவிட்டது. அதுவும் வளைவில் எல்லோரும் ஒரே பக்கம் சாயக்கூடிய எடை. சரக்கைக் கயிறு போட்டுக் கட்டலாம், ஆட்களைக் கட்ட முடியாது.

விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் வருமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறது. ஆஷா ராணி வழக்கில் அளித்த தீர்ப்பில், சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் பயணம் செய்கிறவர்களுக்கு இழப்பீடு தரும் கடமை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு இல்லை என்று சொன்னது. 1994-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி சரக்கின் உரிமையாளர் அல்லது அவருடைய பிரதிநிதி சரக்கோடு வரலாம், அவருக்குக் காப்பீடு பொருந்தும். அதாவது உங்கள் சாமானோடு நீங்கள் ஒருவர் கேபினில் உட்கார்ந்து போவதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. மெத்தை மேல் உட்கார்ந்திருக்கும் மூன்று பையன்களுக்கு அந்த இடம் இல்லை. அவர்கள் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போகட்டும்.

எங்கே முதலில் உடையும்?

ஓவர்லோடு வண்டி அன்றைக்கே அச்சு முறிந்து நிற்கும் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் நிற்காது. அதனால்தான் தைரியம் வருகிறது. சேதம் மெதுவாக நடக்கும்.

முதல் பலி டயர். டயரின் பக்கச் சுவரில் அளவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எண் இருக்கும், அதுதான் லோடு இன்டெக்ஸ். அந்த எண் 86 என்றால் அந்த டயர் 530 கிலோ தாங்கும் என்று பொருள், 100 என்றால் 800 கிலோ. பின்னால் 86 எண் போட்ட டயர் இரண்டு இருந்தால் பின் அச்சில் மொத்தம் 1,060 கிலோதான் வரலாம், அதில் வண்டியின் சொந்த எடையும் அடக்கம். அதுவும் சொன்ன அளவு காற்று இருந்தால் மட்டுமே. காற்று குறைந்த டயரும் கூடிய எடையும் சித்திரை வெயில் தார்ச்சாலையும் சேரும்போது டயர் சூடேறி வெடிக்கிறது. 'நேத்துதான் நல்லா இருந்துச்சு' என்பார்கள். உள்ளுக்குள் அது பல நாளாகவே நன்றாக இல்லை.

அடுத்தது பிரேக். ஒரே வேகத்தில் போகும் வண்டியை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய சக்தி, எடைக்கு நேர் விகிதத்தில் கூடும். மொத்தம் 1,550 கிலோ இருக்க வேண்டிய வண்டி 2,300 கிலோவோடு போனால் பிரேக்குக்கு வேலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மேம்பாலத்தில் ஏறி இறங்கும்போது அந்த வித்தியாசம் ஓட்டுநரின் காலுக்குத் தெரியும், முன்னால் போகும் ஸ்கூட்டர்காரருக்குத் தெரியாது.

மூன்றாவதைக் குழந்தைகள் ஆடும் சீசாவோடு ஒப்பிடலாம். எடையைப் பின் சக்கரத்துக்கும் பின்னால் வைத்தால் முன்பக்கம் மேலே தூக்கும். நீளமான பைப்பும் கம்பியும் பின்கதவைத் திறந்துபோட்டு நீட்டி ஏற்றும்போது இதுதான் நடக்கிறது. முன் சக்கரத்தில் எடை குறைந்தால் ஸ்டீயரிங் 'லேசாக' இருக்கும். லேசாக இருப்பது சுகம் இல்லை, டயர் சாலையைப் பிடிக்கவில்லை என்பதன் அடையாளம். ராத்திரியில் ஹெட்லைட் மேல்நோக்கி எழும்பி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். கனமான சாமானைக் கேபினை ஒட்டி, தரையோடு வைக்க வேண்டும் என்று பழைய லோடு மேன்கள் சொல்வது அனுபவத்தில் வந்த பௌதிகம். பீரோவும் வாஷிங் மெஷினும் முதலில் ஏற வேண்டும், மெத்தை கடைசியில்.

இருபதாயிரமும் ஒரு வார்த்தையும்

2019 செப்டம்பர் 1-க்கு முன்பு ஓவர்லோடுக்கு அபராதம் 2,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ஆயிரம். திருத்தப்பட்ட சட்டத்தின் 194-வது பிரிவு அதை 20,000 ரூபாயாகவும், கூடுதலான டன்னுக்கு 2,000 ஆகவும் உயர்த்தியது. அதிகச் சரக்கை அங்கேயே இறக்கிய பிறகுதான் வண்டி நகர முடியும், இறக்கும் செலவும் அவர்களுடையதே. எடை போட நிறுத்தச் சொல்லும்போது நிறுத்தாமல் போனால் 40,000. எடை சரியாக இருந்தாலும் சரக்கு பக்கவாட்டிலோ முன்பின்னோ அனுமதித்த அளவைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் அதற்குத் தனியாக 20,000. தெர்மோகோல் வண்டிக்காரர் இதைப் படிக்க வேண்டும்.

கடன் போட்டு வண்டி வாங்கி, தானே ஓட்டி, மாதத் தவணை கட்டுகிற ஒருவருக்கு இருபதாயிரம் என்பது அந்த மாதமே போய்விட்டது என்று அர்த்தம். ஆனால் அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை இருக்கிறது. ஓட்டியவரை மட்டும் அது சொல்லவில்லை, ஓட்டச் செய்தவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் சேர்த்தே சொல்கிறது. 'ஒரே நடையில முடிங்க' என்று வற்புறுத்தும் முதலாளிகளும் அந்த வார்த்தைக்குள் வரக்கூடும். நடைமுறையில் ரோட்டில் நிற்பது ஓட்டுநர் மட்டும்தான் என்பது வேறு கதை.

இந்த இடத்தில் ஒரு வதந்தியையும் பார்த்துவிடலாம். 'மத்திய அரசே 25 சதவீதம் கூட்டி ஏத்தலாம்னு சொல்லிடுச்சு' என்று சிலர் சொல்வார்கள். 2018 ஜூலையில் வந்த அறிவிப்பு அச்சுக்கான உச்ச எடையை உயர்த்தியது நிஜம். நான்கு டயர் கொண்ட ஒற்றைப் பின் அச்சு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னுக்குப் போனது, பெரிய டிரெய்லர் லாரிகளின் மொத்த உச்சம் 49 டன்னிலிருந்து 55 டன்னானது. இவை எல்லாம் கனரக லாரிகளின் சங்கதி. 1,550 கிலோவுக்குப் பதிவான குட்டி யானைக்கு அதில் ஒரு கிலோகூடக் கூடவில்லை.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்பத்தூர் சாலைகள் குண்டும் குழியுமாவதற்குக் குட்டி யானைகள் காரணமில்லை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சாலை போட்டு லாரிகளை ஓட்டி நடத்திய சோதனையில், சாலைச் சேதம் அச்சு எடையின் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்று தெரிந்தது. அச்சு எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. அப்படிப் பார்த்தால் ஒரு டன் அச்சு வண்டியைவிடப் பத்து டன் அச்சு லாரி ஒரு தடவை போவது பத்தாயிரம் மடங்கு சேதம். குட்டி யானையின் ஓவர்லோடு அபாயம் சாலைக்கு அல்ல, உள்ளே இருப்பவர்களுக்கும் பக்கத்தில் போகிறவர்களுக்கும்தான்.

இழுப்பதும் சுமப்பதுதான்

வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ அத்தை பையனோ விடுமுறைக்குப் பிக்கப் டிரக்கின் பின்னால் ஒரு வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு போகும் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவதுண்டு. கட்டில், சமையல் மேடை, கழிவறை எல்லாம் உள்ள கேம்பர் டிரெய்லர் அது. இங்கே சினிமா ஷூட்டிங்கில் நிற்கும் கேரவன் தானே இன்ஜினோடு ஓடும், அங்கே அதைத் தனியாகக் கொக்கி மாட்டி இழுக்கிறார்கள். அங்கும் இதே எடைத் தகராறுதான், கொஞ்சம் மறைமுகமாக.

விளம்பரத்தில் '4,500 கிலோ இழுக்கும்' என்று போட்டிருக்கும். 3,200 கிலோ டிரெய்லர்தானே, தாராளமாகப் போகலாம் என்று வாங்கிவிடுவார்கள். ஆனால் டிரெய்லர் தன் எடை முழுவதையும் தன் சக்கரத்திலேயே வைத்துக்கொள்வதில்லை. ஒரு பங்கைக் கொக்கி வழியாக டிரக்கின் பின்பக்கத்தில் சாய்க்கும். சாதாரணமாகப் பத்திலிருந்து பதினைந்து சதவீதம். 3,200 கிலோவில் 12 சதவீதம் 384 கிலோ. இது இழுக்கும் எடை அல்ல, டிரக் முதுகில் சுமக்கும் எடை.

அமெரிக்காவில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கே உரிய எண் அதில் இருக்கும். அது 680 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 300 கிலோ. கொக்கி எடை 384. ஆக 684. புறப்படும் முன்பே நான்கு கிலோ கூடிவிட்டது, இன்னும் அரிசிப் பையும் குக்கரும் ஏறவில்லை. இழுக்கும் திறனில் ஆயிரத்து முந்நூறு கிலோ மிச்சம் இருக்கிறது, சுமக்கும் திறன் தீர்ந்துவிட்டது.

கொக்கி எடையைக் குறைக்கலாமே என்று சாமானை டிரெய்லரின் பின்பக்கம் நகர்த்தினால் அதைவிட மோசம். பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும், அந்த ஆட்டம் டிரக்கையும் சேர்த்து இழுத்துக் கவிழ்த்துவிடும். எனவே ஒரே வழி சின்ன டிரெய்லர் அல்லது பெரிய டிரக்.

இது நமக்குத் தெரியாத விஷயம் இல்லை. கரும்பு லோடு இழுக்கும் டிராக்டர் மேட்டில் ஏறும்போது முன் சக்கரம் அந்தரத்தில் தூக்குவதை ஊர்ப்பக்கம் பார்த்தவர்களுக்கு கொக்கியில் எவ்வளவு எடை விழுகிறது என்று விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் டேங்கர் டிரெய்லர், ஜெனரேட்டர் டிரெய்லர் எல்லாவற்றுக்கும் அதே கணக்குதான். சட்டத்தின் கண்ணில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம், அதற்கும் தனிப் பதிவு வேண்டும், அதற்கும் மொத்த எடை உண்டு.

எடைமேடைக்கு ஒரு நடை

சொந்தமாக லோடு வண்டி வைத்திருப்பவர்கள் ஒருமுறை செய்து வைத்துக்கொள்ள வேண்டியது இது. தொழிற்பேட்டைப் பக்கம் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. டீசல் டேங்கை நிரப்பி, ஸ்டெப்னி, ஜாக்கி, தார்ப்பாய், கயிறு எல்லாம் வண்டியில் இருக்க, ஓட்டுநரும் வழக்கமாக வரும் உதவியாளரும் உட்கார்ந்த நிலையில் காலி வண்டியை எடை போட வேண்டும். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வருவதுதான் அந்த வண்டி உண்மையில் ஏற்றக்கூடிய சரக்கு. ஷோரூமில் சொன்ன எண்ணைவிட அது குறைவாகத்தான் இருக்கும், சில வண்டிகளில் நூற்றைம்பது இருநூறு கிலோ வரை.

முடிந்தால் பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி இன்னொரு எடை எடுக்கலாம். அந்த எண்ணை டயரில் உள்ள லோடு இன்டெக்ஸோடு ஒப்பிட்டால் பின் டயர்களில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும்.

கிடைத்த எண்ணைக் கேபினுக்குள் கண்ணில் படும் இடத்தில் பெயின்ட்டில் எழுதிவைக்கலாம். சாமி படத்துக்குப் பக்கத்தில் இடம் இருக்கும். 'எவ்வளவுண்ணே ஏத்தலாம்?' என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு அதைக் கை காட்டினால் போதும், பேரம் வாடகையில் மட்டும் நடக்கும்.